கைக்கு மாட்டிய சாக்ஸ்

இரண்டு கைகளிலும் கம்பளி சாக்ஸ் மாட்டிக்கொண்டு அவள் செடிக்கு முன்னால் நின்றாள்.

சாக்ஸ் அவள் வீட்டுக்காரருடையது. மாட்டிவிட்டதும் அவர்தான். முழங்கை வரை இழுத்து, மேலே ரப்பர் பாண்டும் போட்டிருந்தார்.

ஐப்பசி. கோத்தகிரி முழுக்கப் பனிமூட்டம். செடியில் ஒரே ஒரு பூ.

நேற்று வரை மொட்டு. இன்று காலை, தான் எந்த வீட்டில் பூக்கிறோம் என்று தெரியாமல் விரிந்துவிட்டது.

கமேலியா. தேயிலைக்குச் சித்தி மகள் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். தேயிலை உழைக்கும், இது சிங்காரித்துக்கொள்ளும். மற்ற பூவெல்லாம் கடையைக் கட்டுகிற குளிரில் இது பூக்கும்.

வம்பே அந்தச் சொந்தத்தில்தான்.

அதே இலை. அதே பளபளப்பு. நுனியில் மொட்டு. எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கைக்கு வித்தியாசத்தை யார் போய்ச் சொல்வது?

ஓய்வு பெற்றது அவள் மட்டும்தான். விரல்கள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மூன்று ஐப்பசி பூவில்லாமல் போயின. முதலில் குரங்கின் மேல் பழி போட்டாள். பிறகு காட்டெருமை மேல். அப்புறம், பாவம், பக்கத்து வீட்டு பிலோமினாவின் ஆட்டின் மேல். ஆடு இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அவருக்கு அந்தப் பூ வேண்டும். அவள் தலையில் வைத்துவிட.

கல்யாணத்தன்று மலைப்பாதையில் மண் சரிந்து, பூக்கூடை ஏறிய பஸ் மேட்டுப்பாளையத்தைத் தாண்டவில்லை. வெறும் கொண்டையோடு தாலி கட்டிக்கொண்டாள். அவள் அன்று சாயங்காலமே மறந்துவிட்டாள். எஸ்டேட் லாரி ஓட்டிய மனுஷர் ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் அதையே நினைத்து ஓட்டியிருக்கிறார். கடைப்பூ பிறகு எவ்வளவோ வந்தது. அதெல்லாம் கணக்கில் சேராதாம். சொந்தத் தோட்டத்துப் பூ, சொந்தக் கையால்.

போன வாரம் குரங்கைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

குரங்கு வரவில்லை. அவள் வந்தாள்.

வேலியோரம் நின்று, பிலோமினாவிடம் குரங்கின் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்ட இரண்டு கைகளும் செடியில் மேய்ந்தன. கண் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏன்க்கா, அந்தக் குரங்கு சேலை கட்டுமா?" என்றாள் பிலோமினா.

முழங்கால் பிடித்துக்கொண்ட அவர் எழுந்து ஓடி வருவதற்குள் செடி மொட்டை. இலைக்கடியில் ஒளிந்திருந்த ஒரு மொட்டு மட்டும் தப்பியது.

அன்றிலிருந்து, தோட்டத்தில் காலை வைத்தால் கையில் சாக்ஸ்.

இதோ, அந்த மொட்டுதான் பூ.

அவர் பறிக்கப் போனார். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் மென்மையாகப் பிடித்தறியாத கை. பூவுக்குப் பக்கத்தில் போனதும் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றது. பின்வாங்கினார்.

"நீயே பறி புள்ள. நான் வெச்சு விடுறேன்."

ரப்பர் பாண்டை உருவினார். சாக்ஸைக் கழற்றினார். அவளுக்குப் பின்னால் போய், கொண்டைக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆடும்தான்.

அவள் விரல் காம்பைத் தொட்டது.

டக்.

சுத்தமான வேலை. அதோடு நின்றிருக்கலாம்.

கை தன் பாட்டுக்குத் தோளுக்கு மேலே போய், பின்பக்கம் வீசியது. முதுகில் கூடை இருந்த காலமெல்லாம் கொழுந்து அப்படித்தான் போகும்.

கூடை இல்லை. அவர் இருந்தார்.

இந்த ஜாதிப் பூ வீச்சைத் தாங்காது. காம்பிலேயே அரை மனதாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உதிர்ந்தது. இதழ் இதழாக அவர் வழுக்கையில், புருவத்தில், மீசையில், ஸ்வெட்டர் கழுத்தில்.

பிலோமினா சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

அவர் அசையவில்லை. கண்ணை மூடியிருந்தார். மாலைக்குக் குனிந்த மாப்பிள்ளை மாதிரி தலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

அவள் திரும்பினாள்.

பார்த்தாள்.

தட்டிவிடக் கையைத் தூக்கினாள்.

வழுக்கையில் ஒட்டியிருந்த இதழுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கை நின்றது.

நின்றேயிருந்தது.