ஒன்றரை மணி அழைப்பு

மார்ச் கடைசி ஞாயிறு, கோடைக்காக இந்த நாட்டில் நேரத்தை முன்தள்ளியபோது, கடிகாரம் இரவு ஒரு மணியிலிருந்து நேரே இரண்டுக்குத் தாவியது. அன்றைக்கு ஒன்றரை மணி என்று ஒன்று வரவேயில்லை. ஆட்களைப் போன் அடித்து எழுப்பும் எங்கள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர், ஒன்றரைக்கு எழுப்பவேண்டிய ஞானரட்ணத்தை எழுப்பாமல் விட்டது. பிந்தி எழும்பியவர் ஈஸ்ட் ஹாமில் பேக்கரி வேலைக்கு ஓடும்போது லொறியில் அடிபட்டுச் செத்தார். இப்படி ஆகும் என்று முன்பே கத்தினேன். மனேச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவருடைய நம்பரைக் கம்ப்யூட்டரிலிருந்து என் கையால்தான் அழித்தேன்.

ஒக்டோபரில் கடிகாரத்தை இரண்டு மணியிலிருந்து திரும்ப ஒன்றுக்குத் தள்ளினார்கள். ஒன்றரை மணி இரண்டு தடவை வந்தது. திங்கள் காலை ஞானரட்ணத்தின் மனைவி றோஸ்மலர் அக்கா வந்து என் மேசையில் ஓங்கி அடித்தார்.

"ரெண்டு தரம் போன் அடிச்சது! செத்த மனிசனை எழுப்ப உங்களுக்கு வெக்கமில்லையோ?"

மனேச்சரிடம் சொன்னேன். "மார்ச்சில் ஒன்று குறைந்தது, இப்போது ஒன்று கூடியிருக்கிறது. சரியாகிவிட்டதே" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பே அக்காவுக்குப் போதும்.

"முதல்தரம் நான் எடுத்து வைச்சனான். ரெண்டாந்தரம் எழும்பிப் போக முந்தி ஆரோ எடுத்தாச்சு. 'ஓம், வாறன்' எண்டு அவற்ற குரல் கேட்டது. கீழ கதவு சாத்துப்பட்டது. கொழுவியில தொங்கின அவற்ற பேக்கரி வெள்ளைக் கோட்டைக் காணேல்லை."

பிறகு மனேச்சரைக் கையால் காட்டினார்.

"எழுப்பி வேலைக்கு அனுப்பிப்போட்டான். இனி அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிறது ஆரெண்டு கேளும் தம்பி."