யாரு அளம்?

கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். கழற்றாவிட்டால் போனில் கேமராவைத் திறக்க முடியாது.

கழற்றினான்.

பின்லாந்தின் வடபகுதிக் கடற்கரை, மாசி மாதத்து நண்பகல். அலை அடிக்க வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. கரையோரத்தில் காற்று உடைத்துத் தள்ளிய பனிக்கட்டிகள், இடுப்பு உயரத்துக்குக் குவியல் குவியலாக. மேலே துளி மேகம் இல்லை. நல்ல வெயில். சூடுதான் இல்லை.

கடல்மேல் நடக்கிறோம் என்ற திமிர் தூத்துக்குடிக்காரனுக்கு வராமல் இருக்குமா? வந்திருந்தது.

பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போட்டோ எடுக்கச் சொல்லிப் போனைக் கொடுத்தான். பனி தள்ளுவதற்கு அவர் வைத்திருந்த நீளக் காம்புப் பலகையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சும்மா ஒரு ஜம்பத்துக்கு.

அந்தப் போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினான்.

அம்மா பேசி ஆறு மாதம்.

ஆவணியில் தங்கை பேச்சியின் கல்யாணம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அனுப்புவதை எல்லாம் பார்ப்பாள். நீல டிக் விழும். ஒரு வார்த்தை வராது. அவனும் விடுவதாக இல்லை. தினம் ஒன்று அனுப்பினான்.

நீல டிக் விழுந்தது.

போனைப் பைக்குள் போடப் போனான். அடித்தது.

அம்மா.

"ஏல, யாரு அளம்ல அது?"

அவனுக்குப் பிடிபடவில்லை.

"கம்ப்யூட்டரு வேலன்னுட்டு அங்க போயி உப்பா வாருத? பலகையும் கையுமா நிக்க?"

திரும்பிப் பார்த்தான்.

வெள்ளைத் தரை. வெள்ளைக் குவியல். சுள்ளென்று வெயில்.

அச்சு அசல் உப்பளம்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான். முப்பது வருஷம் உப்பு வாரியவள் அம்மா. பிள்ளையை மட்டும் ஒரு நாள்கூட அளத்தில் இறங்க விட்டதில்லை.

"அம்மா, அது வந்து..."

"நீ பேசாத. அளத்துக்காரன் எவன் லீவு குடுப்பான்? எனக்குத் தெரியாதா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏம்ல பேசாம இருக்கப் போறேன்?"

குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவன் பனிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. பெரியவர் தூண்டிலை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்.

அம்மா ஆரம்பித்துவிட்டாள். பேச்சியின் மாப்பிள்ளை தங்கமான பையனாம். பந்தியில் பாயசம் பற்றவில்லையாம். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றானாம். ஆறு மாதத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

திடீரென்று நிறுத்தினாள்.

"என்னல, சத்தத்தையே காணும்?"

சொல்லிவிடலாம். இது உப்பு இல்லை, கடல், குளிரில் உறைந்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

"கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன்."

"உப்பு அரிச்சுக் காலு பொத்துருக்கா?"

குனிந்து பூட்ஸைப் பார்த்தான்.

"ராத்திரி தேங்காண்ண தடவிட்டுப் படு. ரெண்டு நாள்ல ஆறிரும்."

"சரிம்மா" என்றான்.