முதல் கதிரையில் ஒரு கொப்பி

புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கண்ணாடி யன்னல்களைத் திறக்கவே முடியாது. ஏசியை நம்பிக் கட்டடப் படம் வரைந்தவர் இங்கே ஒரு மத்தியானம் இருந்து பார்த்திருக்கமாட்டார். ஏசி நின்று இரண்டு வருடம். வெக்கை தாங்காத சனம் உள்ளே கூடத்தில் கதிரைக்கு ஒன்றாக மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை வைத்து இடம் பிடித்துவிட்டு, எதிரே பழைய கட்டடத்து விறாந்தையில் குந்தியிருக்கிறது. சண்டையில் ஷெல் விழுந்து பாதிக் கூரை போன கட்டடம். ஆனாலும் அகன்ற விறாந்தைக்குக் கடற்காற்று தாராளமாக வருகிறது. இன்சுலின் முடிந்து மூன்று நாளான ஜெயரூபினி சேலைத் தலைப்பால் முகம் துடைக்கிறாள். இந்த மாதம் புதிதாக வந்த டொக்டர் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். நாற்பது கதிரைகளிலும் கொப்பிகள். மனிசர் ஒருவரும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டுகிறார். “டொக்டர், நாங்கள் இஞ்ச இருக்கிறம்!” ஜெயரூபினி கத்துகிறாள். “கொப்பி வைச்சிருக்கிறம்தானே, அது தெரியேல்லையோ அவருக்கு?” என்கிறார் பக்கத்திலிருந்த ஞானப்பிரகாசம். அவள் வெறுங்காலோடு சுடுமணலில் ஓடிப்போய்க் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடிக்கிறாள். அங்கால் வாசலால் டொக்டரின் கார் வெளிக்கிடும் சத்தம் கேட்கிறது. கண்ணாடிக்கு உள்ளே, முதல் கதிரையில், அவளுடைய கொப்பி ஆடாமல் அசையாமல் இருக்கிறது.