இருபத்தைந்து வருஷத் தரை

மெட்டில்டா கட்டைப்பைக்குள் கையை விட்டு இரும்புத் தோசைக்கல்லை எடுத்தாள். இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கீழே வைத்திருந்த மாதிரித் தரைப்பலகை மேல் ணங்கென்று போட்டாள்.

மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது. ஞானையா மட்டும் திரும்பவில்லை. தாம்பரத்தில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இதே கல்தான் விழுந்தது. மனைவியோடு அலைந்து அலைந்து அவருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

"கீறல்கூட விழல, பாருங்க ஆன்ட்டி," என்றார் விற்பனையாளர் ஸ்டெபின். "பார்க்கத்தான் தேக்கு. மரம் கிடையாது. தண்ணியில ஊறாது, கரையான் வராது. இருபத்தஞ்சு வருஷம் கேரண்டி!"

முடிச்சூரில் இருக்கும் அவர்கள் வீட்டுச் சமையலறைக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் ஆயுள். அதன் பிறகு வீட்டையே இடிக்கப் போகிறார்கள்.

வாசலில் ரோடு போடப் போட அது உயர்ந்துகொண்டே போனது, வீடு பள்ளத்துக்குப் போனது. நாலு தூறல் விழுந்தால் போதும், சமையலறையில் தண்ணீர் நிற்கும். வாளி வாளியாக இறைத்து ஞானையா அலுத்துப்போனார். 'இடிச்சிட்டு அப்பார்ட்மென்ட் கட்டுறோம் சார், மாடியில உங்களுக்கு ஒரு ஃபிளாட்' என்று பில்டர் வந்து கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மெட்டில்டாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. 'இந்த வீட்டை விட்டு என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்' என்று வாய்க்கு வாய் சொல்கிறவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோதுதான், மர டிசைனில் தரை போட வேண்டும் என்று அவள் கிளம்பினாள்.

"தண்ணி கொட்டினா வழுக்கும், மெட்டில்டா," என்று முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். பலகை மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லி, வெறுங்காலோடு நடந்து காட்டினாள். "வழுக்கலையே!"

"மஞ்சக் கறை போகாது."

ஸ்டெபின் அதற்கும் தயாராக இருந்தார். மஞ்சளைக் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார்.

"தம்பி, இதை அப்புறமா பேர்த்து எடுத்து வேற இடத்துல போட முடியுமா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் ஞானையா.

"எதுக்கு அங்கிள் பேர்க்கணும்? ஆயுசுக்கும் அசையாது. கிச்சன் என்ன சைஸ் ஆன்ட்டி?"

"எட்டுக்குப் பத்து," என்றாள் மெட்டில்டா.

ஞானையா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் மொத்தப் பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிற சமையலறை அது; இதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். அலைந்த அலைச்சலில் பாவம், இவளுக்கும் கணக்குக் குழம்பிவிட்டது. திருத்த அவருக்கு மனம் வரவில்லை. குறைவாக வாங்கினால் குறைவாகத்தானே வீணாகும்!

"இதுவே இருக்கட்டும். இனிமே அலைய என் கால்ல தெம்பில்ல," என்றாள் மெட்டில்டா.

"பில் போட்டுடலாமா ஆன்ட்டி?"

அதற்கு மேல் ஞானையாவால் தாங்க முடியவில்லை. உடம்பு களைத்ததைவிட, மறைத்து மறைத்து மனசுதான் அதிகம் களைத்திருந்தது.

"பில் போடாதீங்க தம்பி." அவள் பக்கம் திரும்பினார். "மெட்டில்டா... நம்ம வீட்டை இடிக்கப் போறாங்கம்மா. பில்டருக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. என்னை மன்னிச்சிடு."

ஸ்டெபின் எதற்கு வம்பு என்று இரண்டடி தள்ளிப் போய் நின்றார். ஞானையா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்தினாலும் சரி, கடையிலேயே அழுதாலும் சரி, வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

மெட்டில்டா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"அப்பாடா, இப்பவாவது சொன்னீங்களே! நீங்க பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்த அன்னைக்கு பில்டர் வீட்டுக்கே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. எனக்கு மட்டும் வருஷா வருஷம் தண்ணி இறைக்க ஆசையா?"

ஞானையா விழித்தார். "அப்போ... இந்தத் தரை?"

"புது ஃபிளாட்டுக்கு. அங்கதான் கிச்சன் எட்டுக்குப் பத்து."