ஏப்ரலில் அங்கே குளிருமா?

"ஏப்ரல்ல அங்க குளிருமா, கஸ்தூரி?"

மணியம்மாள் காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கேட்டாள். முதல் தடவை கேட்பதுபோலவே கஸ்தூரி பதில் சொன்னாள்.

"பகல்ல வெயில் இதமா இருக்கும்மா. சாயங்காலம் கடல் காத்து அடிக்கும், அப்பதான் குளிரும். அதான் ஸ்வெட்டர மேலாலயே வச்சிருக்கேன்."

"கடலா? எந்த ஊருக்கு?"

"நேபிள்ஸுக்கு. உங்க தம்பி இருக்கற ஊரு. மூணு மணிக்கு டாக்சி எடுத்துக்கினு வராரு, உங்கள அழச்சிக்கினு போக."

"என் ஊரு இதுதான். நான் போவல."

ஸ்வெட்டர் பெட்டியிலிருந்து பறந்து கட்டிலில் விழுந்தது. பின்னாலேயே ஷூவும் வெளியே வந்தது.

செங்கம் ரோட்டில் இருக்கும் கஸ்தூரி வீட்டின் பின்னறைக்கு மணியம்மாள் குடிவந்து பதினைந்து வருடமாகிறது. ஒரு பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றியவள். இப்போதெல்லாம் வழி மறந்துபோகிறது. தை மாதம் சுற்றப் போனவளை இரண்டு நாள் தேடி, அடி அண்ணாமலையில் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. அன்றைக்கே கஸ்தூரி அவள் தம்பிக்குத் தந்தி கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து, கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

வர மாட்டேன் என்கிறவளை இழுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிடக் கூடாது. சிரித்துக்கொண்டு ஏற வேண்டும். கஸ்தூரிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்த எதிர்வீட்டு எல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. "வேலூர தாண்டாதவ சீமைக்கு மூட்ட கட்டற அழகப் பாரு! எட்டாவதோட நின்னவளுக்கு எத்தினி தெரியுதுடீ!"

கஸ்தூரிக்குக் கூச்சமாகிவிட்டது. இருந்தும் உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்த பழைய நோட்டை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் எழுதத் தொடங்கியது. மெல்லிய குரலில் படித்தாள்.

"தெருவெல்லாம் கருங்கல். மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடி வைத்த ஷூ வேண்டும். திடீரென்று மழை வரும், குடை வேண்டும். கோயிலுக்குள் போகத் தோளை மூடத் துணி வேண்டும்."

"ஷூ வேணாம். மலைய சுத்தறப்ப கால்ல எதுவும் போடக் கூடாது."

"அங்க யாரும் மலைய சுத்த மாட்டாங்கம்மா."

மணியம்மாளின் கை நின்றது. "மலை இருக்கா அங்க?"

கஸ்தூரி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். "இருக்கும்மா. அதுவும் நெருப்பு மலைதான். ஜன்னலத் தொறந்தா கடலுக்கு அந்தாண்ட தெரியும். ஒரு தடவ சாம்பலா கொட்டிச்சாம். அத்த வீட்டுக்குப் போன ஒரு பொண்ணு, மேலெல்லாம் திருநீறு பூசின மாதிரி திரும்பி வந்தாளாம். அவங்கம்மாவுக்கே அடையாளம் தெரியலையாம்."

மணியம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "யாரு அந்தப் பொண்ணு?"

"அங்க போனா தெரியும்மா."

மணியம்மாள் தானாகவே எழுந்து ஷூவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஸ்வெட்டரை மடித்து அதன்மேல் வைத்தாள்.

"ரசஞ்சாதம் இல்லாம இவங்களுக்கு ஒரு வேள எறங்காதே," என்று எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தம்பி சம்சாரம் பாத்துக்குவாளா?"

"பாத்துக்குவாங்கக்கா." கஸ்தூரி திரும்பாமலே சொன்னாள். ரசப்பொடி டப்பாவையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் ஓரத்தில் செருகினாள். கடைசியாக அந்த நோட்டையும் ஸ்வெட்டரின் மேல் வைத்து, பெட்டியை மூடினாள்.

மூன்று மணிக்கு டாக்சி வந்தது. அதிலிருந்து இறங்கிய நரைத்த வெள்ளைக்காரர் "லூச்சியா!" என்று கூவி, மணியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார். திருவண்ணாமலை அவளுக்கு மணியம்மாள் என்று பேர் வைப்பதற்கு முன்பு, அரைகுறைத் தமிழில் தன் ஊரைப் பற்றி அவள் சொன்னதை எல்லாம்தான் எட்டாவதோடு நின்ற சிறுமி ஒருத்தி எழுதி வைத்திருந்தாள்.

தம்பி என்னவோ கேட்க, அவருடைய பாஷையிலேயே ஏதோ சொல்லிச் சிரித்த மணியம்மாள், கஸ்தூரியைப் புது ஆளைப் பார்ப்பதுபோல ஒரு தரம் பார்த்துவிட்டு, டாக்சியில் ஏறிப் போனாள்.