வக்கீலின் குறட்டை

“ஒண்ணு இந்த ஆளு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க, தீதி.”

திரிவேணி மாஸ்டர் போர்வையை உதறி மடித்தார். யோக நித்திரை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது.

ஆசிரியை நீலிமா தீதி மூலையைப் பார்த்தார். அங்கே ஜகதம்பா வக்கீல் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

வக்கீலின் குறட்டை முங்கேர் முழுக்கப் பிரசித்தம். அவர் மூக்கைத் திறந்தால், கங்கையில் போகிற படகுகள் எதிரே ஸ்டீமர் வருகிறதென்று கரையோரம் ஒதுங்கும். நம்பாதவர்கள் படகுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

“தூங்காதீங்க, முழிப்போட படுத்திருங்கன்னு தீதி படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. சரியா என் மனசு அடங்கி ஆழத்துக்குப் போற நேரம் பார்த்து ஆரம்பிக்கறீங்க. ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”

“என் மூக்குக்கு உங்க மேல அவ்வளவு பிரியம், மாஸ்டர் சாப்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“உங்க சங்கல்பம்தான் என்ன? குறட்டையா?”

“அதை வெளிய சொல்லக் கூடாதே. மனசுக்குள்ள மூணு தடவை சொல்லி, மூடி வெச்சுக்கணும்.”

“நான் ஊரறியச் சொல்வேன். எனக்கென்ன பயம்?”

உண்மைதான். மாஸ்டர் விடிந்ததும் கண்ணாடி முன் நின்று, ‘நான் பாறை. எனக்குத் துக்கமில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்று முழங்குவார். பக்கத்து வீட்டு எருமை அந்தச் சத்தத்துக்குத்தான் பால் சுரக்கிறதென்று பேச்சு. போன மழைக்காலத்தில் மனைவி சோன்மதி இறந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். அதே வாசகத்தைத்தான் இங்கேயும் சங்கல்பமாக வைத்திருந்தார்.

தீதி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “கண்ணாடி முன்னாடி நீங்க சொல்றது, ஏற்கெனவே இப்படித்தான் இருக்கேன்னு அடிச்சுப் பேசறது. சங்கல்பம், இனிமே எந்தப் பக்கம் போகப்போறேன்னு மனசுகிட்ட சொல்லி வெக்கறது. அதுக்கு முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும், பாபுஜி.”

“உள்ளயும் பாறைதான்” என்றுவிட்டார் மாஸ்டர்.

இப்போது அவர் குரல் சற்று இறங்கியது.

“வீட்டுல எனக்குத் தூக்கமே வர்றதில்ல, தீதி. கண்ணை மூடி நிம்மதியா இருக்கறது இந்தக் கொஞ்ச நேரந்தான். இதையும் கெடுத்தா நான் எங்க போவேன்?”

வக்கீலின் முகத்தில் சிரிப்பு அடங்கியது.

“சரி, தீதி. நாளையிலேர்ந்து நான் வராந்தாவுல உட்கார்ந்துக்கறேன். எங்க வீட்டம்மாவும் இந்த வகுப்புக்குத்தானே வர்றாங்க, முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகணுமில்ல.”

“வக்கீல் சாப், நீங்க…” என்று தீதி ஆரம்பித்தார். வக்கீல் வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தார். தீதி நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வழக்கை ஜெயித்த தெம்போடு மாஸ்டர் மல்லாந்து படுத்தார். ‘நான் பாறை’ என்று மூன்று முறை சொல்லிக்கொண்டார். தீதியின் குரல் வலது கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை என்று உடம்பில் ஊர்ந்தது. இடுப்பு வரை அவருக்கு நினைவிருந்தது.

பிறகு யாரோ அழுதார்கள்.

வயதான குரல். சின்னப் பிள்ளை மாதிரி விசித்து விசித்து அழுதது. “சோன்மதி… வீடு வெறிச்சுன்னு இருக்குடி. வந்துடு…”

யாரது, வெட்கமில்லாமல்? எரிச்சலோடு மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அவருடைய வாய்தான் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கண்ணீர் வழிந்து இரண்டு காதிலும் தேங்கியிருந்தது.

சுற்றிலும் எல்லோரும் கண்களை இறுக்க மூடியபடி படுத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

அப்போது ஜன்னலுக்கு வெளியே குறட்டை கிளம்பியது.

மாஸ்டர் தலையைத் திருப்பிப் பார்த்தார். வராந்தாத் தூணில் சாய்ந்து, இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் ஜகதம்பா வக்கீல்.