அரம் பட்ட இடம்

வந்தவர் விலை கேட்கவில்லை. வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதிலும் நிலத்தில் முழங்கையை ஊன்றி நேராகக் காருக்கு அடியில் தலையை நுழைத்தார்.

காரை விற்கப் போட்டிருந்த பளீல் அவர் பின்னாலேயே குனிந்து பார்த்தான். நாளைக் காலை கொழும்பிலிருந்து ஆள் வந்து காரை வாங்கிப் போகப் போகிறார். இன்றைக்குப் பார்த்து யார் இந்த மனிதர்?

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. பளீல் சிறுவனாக இருந்தபோது அவன் வாப்பா ஒருநாள் எங்கிருந்தோ அதை ஓட்டிக்கொண்டு கல்முனைக்குடிக்கு வந்து இறங்கினார். யாருடைய கார் என்று கேட்டதற்கு, "இனி எங்கட" என்று மட்டும் சொன்னார். காரின் பதிவுப் புத்தகமும் இல்லை, ரசீதும் இல்லை. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு கார் கொட்டிலுக்குள் கிடந்தது. கடற்காற்று வரும்போதெல்லாம் அதன்மேல் கிடந்த தார்ப்பாய் உப்பித் தணியும். உள்ளே ஏதோ தூங்குகிறது என்று தோன்றும்.

பக்கத்தில், மகள் அப்னாவுக்குக் கட்டத் தொடங்கிய வீடு சன்னல் மட்டத்தோடு நின்றது. வீடு முடியாமல் நிக்காஹ் இல்லை என்று மாப்பிள்ளை பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். கார் விற்றால்தான் வீடு.

"வாப்பாதான் முதல் சொந்தக்காரர் எண்டு ஒரு சத்தியக் கடதாசி தந்தாக் காணும்" என்று கொழும்புக்காரர் சொல்லியிருந்தார். அந்த வசனத்தைப் பளீல் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகியிருந்தான்.

"என்ன தேடுறீங்க, காக்கா?" என்று, அண்ணனை அழைப்பதுபோல் மரியாதையாகக் கேட்டான் பளீல்.

"சேஸி நம்பர் அடிக்கிற இடத்த."

"அது துருப்புடிச்சிப் போச்சி. ஒண்டும் விளங்காது."

வந்தவர் காதில் வாங்கவில்லை. கைபேசி வெளிச்சத்தில் இரும்புச் சட்டத்தின் மீது விரலை ஓட்டினார். நம்பர் இருக்கவேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டு வழவழவென்று இருந்தது. விரல் அங்கே நின்றது.

"இதான்" என்றார். "இதே கார்தான்."

தேத்தண்ணி கொண்டுவந்த றஸ்னா கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆரு நீங்க?" என்றான் பளீல்.

"அப்துல் ஹமீட். அக்கரைப்பற்று. இந்தக் கார விக்கப் போட்ட படத்தப் பேரன் போன்ல காட்டினான். அதுலருந்து நித்திரையில்ல." கோப்பையை வாங்கி, குடிக்காமல் காரின் சில்லுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது முதல்ல ஆருட கார், மகன்? அடுத்த கிழமை நான் நாட்டுல இல்ல. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"போயிட்டு வந்து ஆறுதலா விசாரிங்களேன்" என்றாள் றஸ்னா. "காருக்குக் காலா முளைக்கப் போகுது?"

"திரும்பி வரக் கிடைக்குமோ தெரியாது மகள்."

பளீல் தொண்டையைச் செருமிக்கொண்டான். பழகிய வசனம் தானாக வந்தது.

"எங்கட வாப்பாதான் முதல் சொந்தக்காரர்."

"கொழும்புலயா இருந்தாரு?"

"ஓம். கொழும்புலதான்."

"பம்பலப்பிட்டியில, பச்சைக் கேட் போட்ட ஊடு?"

மறுத்தால் கார் கையை விட்டுப் போய்விடும் என்று பளீலுக்குத் தோன்றியது.

"ஓம், அந்த ஊடுதான்."

"கார கேட்டுக்கு வெளியிலதானே நிப்பாட்டுவாரு?"

"எப்பவும் வெளியிலதான். உள்ளுக்கு இடமில்லயே."

றஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மாமனார் ஒருநாளும் கொழும்பில் வீடெடுத்து இருந்தவரல்ல.

"வாப்பா இப்ப?"

"மௌத்தாகிட்டாரு."

கிழவர் திடீரென்று பளீலின் இரண்டு கைகளையும் பிடித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று பளீல் பின்னால் சாய்ந்தான். ஆனால் அவர் அந்தக் கைகளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அந்த நம்பர ராவினவன் நான்தான், மகன். கேட்டடியில நிண்ட கார களவெடுத்துப் போய் மருதானையில வித்தன். எப்பிடியோ வாப்பாட கைக்கே திரும்பி வந்திரிக்கி, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த கிழமை ஹஜ்ஜுக்குப் போறன். அவருட ஹக்கு, அவருக்குச் சேர வேண்டியது, என்ட கழுத்துல தொங்கக்குள்ள நான் எப்பிடி அங்க போய் நிக்கிற? அவரு இல்ல. அவருட புள்ள நீங்க இரிக்கீங்க. பொருந்திக்கிட்டன், மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க."

பளீலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் இந்த மனிதர் போய்விடுவார். நாளைக்குக் கார் போகும், வீடு எழும்பும்.

"சொல்லிடுங்களேன்" என்றாள் றஸ்னா மெதுவாக. "மனுசன் நிம்மதியாப் போகட்டும்."

வாயைத் திறந்தான். ஆனால் அது காரைப் பறிகொடுத்தவர் சொல்ல வேண்டிய சொல். கிழவர் கண்ணை மூடி, தலையைத் தாழ்த்திக் காத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், கூரையில்லாத வீட்டின் சன்னல் துவாரத்தில் ஒரு துண்டு வானம் தெரிந்தது.

பளீல் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"அந்தப் பச்சைக் கேட்ட எனக்குக் காட்டுங்க, காக்கா."